தேமல் சிவந்தால் மாத்திரையை நிறுத்தலாமா?
தொழுநோயில் குருதியின் வெள்ளணுக்கள் செய்வது என்ன

தொழுநோய்க்குக் கூட்டு மருந்து சிகிச்சை பெறுவோர் கேட்கும் கேள்விகளுள் ஒன்று மற்றவற்றைவிட முக்கியமானது. "நான்கு மாதமாக ஒரு நாளும் தவறாமல் மாத்திரை சாப்பிட்டேன். தேமல் மங்கிக்கொண்டே வந்தது. இப்போது திடீரென்று சிவந்து தடித்துவிட்டது, கையும் மரத்துப்போகிறது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா? நோய் முற்றிவிட்டதா?"

இக்கேள்வியை உடனே மருத்துவரிடம் கேட்பவரின் கையும் காலும் பெரும்பாலும் காப்பாற்றப்பட்டுவிடும். கேளாமல், தாமே ஒரு விடையை முடிவுசெய்து, மாத்திரையை நிறுத்திவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுபவரோ, சில வாரங்களில் ஒரு கையின் வலிமையையோ ஒரு பாதத்தின் உணர்ச்சியையோ நிலையாக இழக்க நேரலாம். அந்தக் கேள்விக்குரிய விடை கிருமியைக் காட்டிலும் நம் குருதியில் ஓடும் வெள்ளணுக்களின் செயலில்தான் அடங்கியிருக்கிறது. அவற்றின் இயல்பை அடி அண்ணாமலையிலிருந்தும் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்தும் சிகிச்சைக்கு வருவோரும் அவர்களைப் பேணும் உறவினரும் அறிந்துகொள்ள இப்பாடம் எழுதப்படுகிறது.

கிருமியின் இயல்பு

தொழுநோயை உண்டாக்கும் கிருமியை 1873ஆம் ஆண்டு நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தார். இது பரம்பரைச் சாபமோ முன்வினைப் பயனோ அன்று, கிருமியால் வரும் நோய் என்பது அன்று முதல் தெளிவாயிற்று. காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த இக்கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. பல நுண்கிருமிகள் அரை மணி நேரத்தில் இரண்டாகப் பிரிந்துவிடும். இதற்கோ ஏறத்தாழ 2 வாரங்கள் வேண்டும். ஆகவே உடலுக்குள் புகுந்தபின் அறிகுறி தோன்றச் சராசரியாக 5 ஆண்டுகளும், சிலரிடம் 20 ஆண்டுகள் வரையும் ஆகலாம். உடலில் சூடு குறைந்த இடங்களையே இது நாடும். தோல், மூக்கின் உட்புறம், காதுமடல், தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகள் ஆகியவற்றை இது பற்றுவது அதனால்தான்.

இக்கிருமி தானாக நஞ்சு எதையும் கக்குவதில்லை. உடலில் கோடிக்கணக்கான கிருமிகள் இருந்தும் காய்ச்சலோ வலியோ இன்றி நடமாடும் நோயாளர்கள் உண்டு. அப்படியானால் வீக்கமும் வலியும் நரம்புச் சேதமும் எங்கிருந்து வருகின்றன? பெரும்பகுதி, கிருமியை எதிர்க்கப் புறப்படும் நம் வெள்ளணுக்களிடமிருந்தே வருகின்றன.

குருதியில் உள்ள காவலர்கள்

குருதிப் பரிசோதனைச் சீட்டில் "மொத்த வெள்ளணு எண்ணிக்கை" என்று ஒரு வரி இருக்கும். நலமாக உள்ள பெரியவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் இருக்கும். அவற்றுள் மூன்று வகைகளை இங்கே அறிந்துகொண்டால் போதும்.

முதலாவது நியூட்ரோபில். எண்ணிக்கையில் மிகுதியானது இதுவே. காயம்பட்ட இடத்துக்கு முதலில் ஓடிச்சென்று, கிருமியை விழுங்கித் தானும் மடியும். சீழ் என்பது பெரும்பாலும் இறந்த நியூட்ரோபில்களின் குவியலே.

இரண்டாவது மோனோசைட். குருதியில் சிறு எண்ணிக்கையில் உலவும் இது, தோலுக்குள்ளோ மற்ற உறுப்புகளுக்குள்ளோ நுழைந்ததும் பெரிதாகி விழுங்கணுவாக மாறுகிறது. தொழுநோய்க் கிருமி குடியேறும் இடம் இந்த விழுங்கணுவின் வயிறுதான். விழுங்கிய கிருமியைச் செரித்து அழிக்கும் ஆற்றல் இதற்கு உண்டு. ஆனால் மேலிடத்திலிருந்து ஆணை வர வேண்டும்.

அந்த ஆணையைத் தருவது மூன்றாவதாகிய லிம்போசைட், அதாவது நிணநீரணு. இதில் பி அணு, டி அணு என்னும் பிரிவுகள் உண்டு. பி அணுக்களின் வழியாகக் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் குருதியில் சேர்கிறது. டி அணுக்களோ கிருமியை அடையாளம் கண்டு, இன்டர்ஃபெரான் காமா போன்ற வேதித் தூதுகளை அனுப்பி விழுங்கணுக்களை முடுக்கிவிடுகின்றன. சிடி4 எனப்படும் டி அணு பெரும்பாலும் தூண்டுபவர். சிடி8 எனப்படும் டி அணு நோயுற்ற அணுக்களைக் கொல்பவர். சில வேளைகளில் போரை அடக்குபவரும் அதுவே.

தொழுநோய்க் கிருமி விழுங்கணுவின் உள்ளே ஒளிந்துகொள்வதால், வெளியே குருதியில் மிதக்கும் எதிர்ப்பொருள் அதைத் தொட முடிவதில்லை. டி அணுக்களின் தூண்டுதலே இந்நோயில் நம்மைக் காக்கிறது. உலகில் பெரும்பாலோர்க்கு, 100 பேரில் ஏறத்தாழ 95 பேருக்கு, இந்தக் காவல் இயல்பாகவே அமைந்திருக்கிறது. கிருமி உள்ளே சென்றாலும் அவர்களுக்கு நோய் வருவதில்லை.

ஒரே கிருமி, இரு முனைகள்

எஞ்சிய சிலருக்கு நோய் வருகிறது. ஆனால் அது எல்லோர்க்கும் ஒரே முகத்தோடு வருவதில்லை. ஒருவருக்கு முதுகில் ஒரே ஒரு உணர்ச்சியற்ற தேமல். இன்னொருவருக்கு உடல் முழுவதும் பளபளப்பான தடிப்பும், தடித்த காதுமடலும், உதிர்ந்த புருவமும். இரண்டுக்கும் காரணம் ஒரே கிருமிதான். வேறுபடுவது வெள்ளணுக்களின் நடத்தை. ரிட்லி, ஜாப்ளிங் என்னும் இரு மருத்துவ அறிஞர்கள் 1966இல் இதனை ஒரு வரிசையாக வகுத்துக் காட்டினர்.

வரிசையின் ஒரு முனையில் டியூபர்குளாய்டு வகை உள்ளது. இங்கே சிடி4 டி அணுக்கள் வீறுடன் செயல்படுகின்றன. விழுங்கணுக்கள் ஒன்றுகூடிக் கிருமியைச் சுற்றி அரண் அமைக்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் கிருமி அரிதாகவே தென்படும். தேமல்கள் சிலவே, ஆனால் அப்பகுதியில் உள்ள நரம்பு இந்தக் கடும் போரிலேயே நசுங்கிவிடக்கூடும்.

மறுமுனையில் லெப்ரோமேட்டஸ் வகை. இங்கே டி அணுக்கள் இக்கிருமியைக் கண்டும் வாளாவிருக்கின்றன. ஆணை கிடைக்காத விழுங்கணுக்கள், விழுங்கிய கிருமியை அழிக்காமல் சுமந்துகொண்டு, கொழுப்பால் உப்பி நுரைபோல் ஆகிவிடுகின்றன. போரை அடக்கும் இன்டர்லூகின் 10 போன்ற தூதுகள் மிகுகின்றன. குருதியில் எதிர்ப்பொருள் நிரம்பி வழிந்தாலும் பயன் இல்லை. வீட்டு வாசலில் காவலர் கூட்டம் நிற்க, திருடன் உள்ளறையில் உறங்குவதை ஒத்த நிலை இது.

நோயாளர்களில் பலர் இவ்விரு முனைகளுக்கும் இடைப்பட்டவர்கள். இவர்களை இடைநிலை வகையினர் என்கிறோம். இவர்களுடைய எதிர்ப்பாற்றல் ஒரே நிலையில் நில்லாமல் முன்னும் பின்னும் அசையக்கூடியது. எதிர்வினைகள் இவர்களுக்கு மிகுதியாக வருவதற்கு அதுவே காரணம்.

உங்கள் சிகிச்சை அட்டையில் உள்ள பி.பி., எம்.பி. என்னும் குறிப்புகள் இவ்வரிசையின் எளிய வடிவமே. 5 தேமல் வரை இருந்து தோல் கீறல் பரிசோதனையில் கிருமி காணப்படாவிட்டால் பி.பி.; 6 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், பரிசோதனையில் கிருமி தென்பட்டாலும் எம்.பி. என வகுக்கப்படுகிறது.

குருதியில் தேடியவர்கள் கண்டது

"எனக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லையா? இது எய்ட்ஸ் போன்றதா?" என்று லெப்ரோமேட்டஸ் வகை நோயாளர் அஞ்சுவதுண்டு. அல்ல. இதற்கான விடையை ஆய்வாளர்கள் நோயாளர்களின் குருதியிலிருந்தே பெற்றனர்.

நம் நாட்டில் இத்துறையில் முன்னோடியாக விளங்கியவர் புது தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த மருத்துவ அறிஞர் இந்திரா நாத் (1938–2021). இத்துறை ஆய்வாளர்கள் கையாண்ட முறை எளிதில் விளங்கக்கூடியது. நோயாளரின் கையிலிருந்து சிறிது குருதி எடுத்து, அதிலிருந்து நிணநீரணுக்களைப் பிரித்து, கண்ணாடிக் கலத்தில் இறந்த தொழுநோய்க் கிருமிகளுடன் சில நாள் வளர்ப்பார்கள். கிருமியை அடையாளம் காணும் அணுக்கள் பெருகும், காணாதவை பெருகா. டியூபர்குளாய்டு வகையினரின் அணுக்கள் பெருகின. லெப்ரோமேட்டஸ் வகையினரின் அணுக்கள் அசையவில்லை. ஆனால் அதே அணுக்களுக்குக் காசநோய்க் கிருமியின் புரதத்தைக் காட்டியபோது அவற்றுள் பல விழித்துக்கொண்டன. அதாவது, உறக்கம் தொழுநோய்க் கிருமி ஒன்றை மட்டும் பற்றியது. இந்நோயாளர்களின் உடல் மற்ற தொற்றுகளை எல்லோரையும் போலவே எதிர்த்து நிற்கிறது.

1980களின் தொடக்கத்தில் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவிலும், பின்னர் இந்திரா நாத்தின் குழுவிலும் இன்னொரு படி முன்னேறினர். உறங்கும் அணுக்கள் இருந்த கலத்தில், செயல்படும் டி அணுக்கள் சுரந்த நீரைச் சேர்த்தபோது, சில நோயாளர்களின் அணுக்கள் தொழுநோய்க் கிருமிக்கும் எதிர்வினை காட்டின. ஆகவே காவலர் முற்றிலும் அழிந்துபோகவில்லை, வாய்கட்டப்பட்டு இருக்கின்றனர். அந்தக் கட்டு அவிழக்கூடியது என்பது நம்பிக்கை தரும் செய்தி. அது திடீரென்று அவிழ்ந்தால் ஆபத்தும் உண்டு என்பதைச் சற்றுப் பின்னர் காண்போம்.

ஆய்வாளர்கள் கண்ட மற்றொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. நலமுள்ளோர் குருதியில் சிடி4 அணுக்கள் சிடி8 அணுக்களைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு இருக்கும். டியூபர்குளாய்டு தேமலிலும் அதே விகிதம் காணப்படுகிறது. லெப்ரோமேட்டஸ் தோலிலோ விகிதம் தலைகீழாகி, சிடி8 மிகுந்துவிடுகிறது. எனினும் அதே நோயாளரின் குருதியைப் பார்த்தால் விகிதம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கக்கூடும். போர் நடப்பது தோலிலும் நரம்பிலும். குருதி அங்கே செல்லும் சாலை மட்டுமே. சாலையில் செல்வோரை எண்ணிக் களத்தின் நிலையை முற்றும் அறிய இயலாது.

ஆகவேதான் தொழுநோயைக் கண்டறிய மருத்துவர் குருதிப் பரிசோதனையை மட்டும் நம்புவதில்லை. தேமலில் உணர்ச்சி சோதிப்பது, நரம்பைத் தொட்டுப் பார்ப்பது, காதுமடலிலும் தோலிலும் சிறு கீறலிட்டுக் கிருமியைத் தேடுவது ஆகியவையே முதன்மையானவை. "ஒரு குருதிச் சோதனையில் எல்லாம் தெரிந்துவிடும்" என்று கூறிப் பெருந்தொகை கேட்போரிடம் ஏமாற வேண்டாம். சிகிச்சையின்போது எடுக்கப்படும் குருதிப் பரிசோதனைகள் வேறு நோக்கத்துக்கானவை. டாப்சோன் மாத்திரையால் குருதிச் சிவப்பணுக்கள் குறைகின்றனவா, கல்லீரல் நன்றாக இயங்குகிறதா, சர்க்கரை எவ்வளவு என்பவற்றை அவை காட்டும்.

முதல் வகை எதிர்வினை: விழித்துக்கொண்ட டி அணுக்கள்

தொடக்கத்தில் கண்ட கேள்விக்கு இப்போது வருவோம்.

கூட்டு மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின் மிக விரைவாகக் கிருமிகளைக் கொல்கிறது. முதல் வேளையிலேயே உயிருள்ள கிருமிகளில் மிகப் பெரும்பாலானவை மடிகின்றன. நோயாளரிடமிருந்து பிறருக்குத் தொற்றும் நிலையும் விரைவில் நீங்குகிறது. ஆனால் மடிந்த கிருமியின் உடல்கள் உடனே வெளியேறுவதில்லை. தோலிலும் நரம்பிலும் அவை ஆண்டுக்கணக்கில் தங்கி, சிறிது சிறிதாகவே அகற்றப்படுகின்றன. மருந்து முடிந்த பின்னும் கீறல் பரிசோதனையில் கிருமி தெரிவது இதனால்தான். அவை பெரும்பாலும் பிணங்களே.

அப்போது, வாய்கட்டப்பட்டிருந்த டி அணுக்கள் சிலரிடம் திடீரென்று விழித்துக்கொள்கின்றன. இறந்த கிருமியையும் உயிருள்ள பகைவன் என்றே எண்ணி இன்டர்ஃபெரான் காமா, டி.என்.எஃப். முதலிய தூதுகளைப் பொழிகின்றன. பழைய தேமல் சிவந்து, தடித்து, வீங்குகிறது. நரம்புக்குள்ளும் அதே வீக்கம். நரம்பு ஒரு கெட்டியான உறைக்குள் இருப்பதால், உள்ளே வீங்கினால் விரிய இடமின்றி நெருக்கப்பட்டு, குருதியோட்டம் குறைந்து செயலிழக்கிறது. எலிக்குப் பயந்து வீட்டைச் சுட்ட கதைதான். இங்கே எலி முன்னமே இறந்துவிட்டது என்பது இன்னும் துயரமானது.

இதுவே முதல் வகை எதிர்வினை. இடைநிலை வகையினருள் மூன்றில் ஒருவர் வரை இதற்கு உள்ளாகலாம். பெரும்பாலும் சிகிச்சையின் முதல் 6 மாதங்களில் வரும். சிகிச்சைக்கு முன்பும், முடிந்து சில ஆண்டுகள் கழித்தும் வரலாம். பேறுகாலத்தில் சற்றே தணிந்திருக்கும் எதிர்ப்பாற்றல் குழந்தை பிறந்தபின் மீள்வதால், அம்மாதங்களில் தாய்மாருக்கு இது வரக்கூடும். மகளோ மருமகளோ சிகிச்சையில் இருந்தால், பேற்றுக்குப் பின் அவளுடைய கைகால்களைக் குடும்பத்தார் கவனித்து வருவது நன்று.

சில வேளை தோலில் ஒரு மாற்றமும் இன்றி நரம்பு மட்டும் அமைதியாகச் செயலிழக்கும். வலி இல்லாததால் "ஒன்றும் இல்லை" என்று இருந்துவிடுவர். சட்டைப் பொத்தானைப் போட முடியாமை, சோற்றைப் பிசையும்போது சுண்டுவிரல் ஒத்துழையாமை, நடக்கையில் செருப்பு தானாகக் கழன்று போதல், உறங்கும்போது கண் முழுதும் மூடாமை ஆகியவை அந்த மௌனச் சேதத்தின் அடையாளங்கள். இவற்றை நோயாளரைவிட உடனிருப்போரே முதலில் காண்பர்.

இரண்டாம் வகை எதிர்வினை: எதிர்ப்பொருளும் நியூட்ரோபில்லும்

லெப்ரோமேட்டஸ் முனையில் இருப்போருக்கு வருவது வேறு வகை. அவர்கள் குருதியில் எதிர்ப்பொருள் நிரம்பியிருக்கிறது என்று கண்டோம். மடிந்த கிருமியின் துணுக்குகள் வெளிப்படும்போது எதிர்ப்பொருள் அவற்றுடன் பிணைந்து கட்டியாகி, தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் படிகிறது. அங்கே நியூட்ரோபில்கள் திரள்கின்றன, டி.என்.எஃப். அளவு உயர்கிறது. தொட்டால் வலிக்கும் சிவந்த முடிச்சுகள் முகத்திலும் கைகால்களிலும் கூட்டமாகத் தோன்றும். கடும் காய்ச்சல், மூட்டு வலி, கண் சிவந்து கூசுதல், ஆண்களுக்கு விதைப்பை வலி, நரம்பு வலி ஆகியவை உடன் வரலாம். அப்போது எடுக்கும் குருதிப் பரிசோதனையில் நியூட்ரோபில் எண்ணிக்கை உயர்ந்திருப்பதுண்டு. லெப்ரோமேட்டஸ் வகையினரில் பாதிப்பேர் வரை இதற்கு ஆளாகலாம். மீண்டும் மீண்டும் வரும் இயல்பும் இதற்கு உண்டு.

இரண்டு வகையிலும் பொதுவான உண்மை ஒன்று: எதிர்வினை என்பது மருந்து தோற்றதன் அடையாளம் அன்று. நோய் மீண்டும் வருவதும் அன்று. மீண்டும் நோய் வருவது அரிது. வந்தாலும் ஆண்டுகள் கழித்து மெதுவாக வரும். எதிர்வினை நாள்களில் அல்லது வாரங்களில் திடீரென்று வரும்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, கூட்டு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். உயிருடன் எஞ்சிய கிருமியை அழிக்க அது தேவை.

இரண்டாவது, அன்றே, முடியாவிடில் மறுநாளே, மருத்துவமனைக்கு வாருங்கள். நரம்பு செயலிழந்து 6 மாதங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் மீளும் வாய்ப்பு நன்றாக உண்டு. அதற்குப் பின் அவ்வாய்ப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. எனவே அடுத்த மாதம் மாத்திரை வாங்க வரும் நாள் வரை காத்திருக்கலாகாது.

எதிர்வினைக்கு மருத்துவர் பெரும்பாலும் பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையைத் தருவார். இது சினங்கொண்ட டி அணுக்களை அமைதிப்படுத்தி வீக்கத்தை வடியச் செய்கிறது. வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்தாலும் நரம்பு தேறப் பல மாதங்கள் ஆகும். ஆகவே அளவைப் படிப்படியாகக் குறைத்து 5, 6 மாதங்கள் வரை தருவதுண்டு. நடுவில் திடீரென நிறுத்தினால் உடல் தளர்ந்துபோகும், எதிர்வினையும் திரும்பும். இம்மாத்திரை சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தலாம். மறைந்திருக்கும் காசநோயைக் கிளப்பலாம். சர்க்கரை நோயோ வயிற்றுப்புண்ணோ நீடித்த இருமலோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். இதை உட்கொள்ளும் காலத்தில் குருதியில் வெள்ளணு எண்ணிக்கை சற்று உயர்ந்து காணப்படலாம். சீட்டைப் பார்த்து நீங்களே அஞ்ச வேண்டாம். கைவசம் மிஞ்சிய பழைய மாத்திரையை மருந்துக் கடையில் காட்டி வாங்கி உண்பதும் கூடாது.

இரண்டாம் வகைக்குத் தாலிடோமைடு என்னும் மருந்தும் பயன்படுகிறது. கருவிலிருந்த குழந்தைகளுக்குப் பெரும் ஊனம் விளைத்ததால் 1961இல் சந்தையிலிருந்து நீக்கப்பட்ட மருந்து இது. 1964இல் எருசலேம் நகரில் ஷெஸ்கின் என்னும் மருத்துவர், வலியால் உறங்க இயலாத தொழுநோயாளருக்கு உறக்கத்துக்காக இதைக் கொடுத்தபோது, எதிர்வினையே அடங்கியதைக் கண்டார். டி.என்.எஃப். சுரப்பை இது குறைக்கிறது என்பது பின்னாளில் தெரியவந்தது. கருவுறக்கூடிய பெண்கள் இதை உட்கொள்ளவே கூடாது. வீட்டில் ஒருவருக்கு இது தரப்பட்டால், மற்றவர் கைக்கு எட்டாதவாறு பூட்டி வைக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. எல்லாச் சிவப்பும் காய்ச்சலும் எதிர்வினை ஆகிவிடாது. மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் உடல் முழுதும் அரிப்புடன் தடிப்பு, காய்ச்சல், கண் மஞ்சளாதல் ஆகியவை தோன்றினால் அது டாப்சோன் ஒவ்வாமையாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்தானது. அந்நிலையில் அடுத்த மாத்திரையை விழுங்குமுன் உடனே மருத்துவரை அடையுங்கள்.

"எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று விற்கப்படும் பொடிகளும் லேகியங்களும் எதிர்வினையை அடக்குவதில்லை. இங்கே சிக்கல் எதிர்ப்பு குறைந்தது மட்டும் அன்று, நெறிதவறியதும் ஆகும். வழக்கமான சத்துள்ள உணவு போதும். நோய்க்கென்று பத்தியம் எதுவும் இல்லை.

குடும்பத்தாரின் வெள்ளணுக்களுக்குப் பயிற்சி

டி அணுக்களை முன்கூட்டியே பழக்கினால் நோயைத் தடுக்கலாமே என்ற எண்ணம் நம் மாநிலத்திலேயே பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. 1991இல் தொடங்கி, செங்கல்பட்டு மாவட்டத்தில் 1,71,000க்கும் மேற்பட்ட மக்கள் தடுப்பூசி ஆய்வில் பங்கேற்றனர். 1998இல் வெளியான முடிவுகளின்படி, குழந்தைகளுக்குப் போடும் பி.சி.ஜி. ஊசி மட்டும் தொழுநோயை ஏறத்தாழ 34 விழுக்காடு தடுத்தது. அதனுடன் கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியையும் சேர்த்துத் தந்தபோது தடுப்பு 64 விழுக்காடாக உயர்ந்தது. வெள்ளணுக்களுக்குக் கிருமியை அடையாளம் காட்டிக் கற்பிக்க முடியும் என்பதற்குத் தமிழக மக்களே சான்றளித்தனர்.

இன்று குடும்பத்தார் செய்யக்கூடியது மிக எளிது. நோயாளருடன் வாழ்வோர் அனைவரும் தோலைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நோய் இல்லை என்று உறுதியானவர்களுக்கு, தகுதி இருப்பின், ரிஃபாம்பிசின் ஒரே ஒரு வேளை தரப்படுகிறது. வங்கதேசத்தில் நடந்த பெரிய ஆய்வில், இம்முறை முதல் இரண்டு ஆண்டுகளில் புதிய நோயைப் பாதிக்கும் மேலாகக் குறைத்தது. குழந்தை பிறந்ததும் பி.சி.ஜி. போடத் தவறாதீர்கள். தனித்தட்டு, தனிப்பாய் எதுவும் தேவையில்லை. மருந்து உண்பவருடன் ஒரே இலையில் உண்டாலும் நோய் ஒட்டாது.

உணர்ச்சியற்ற பாதமும் மலைசுற்றும் வழியும்

நோய் குணமானபின்னும் சிலருக்குப் பாதத்தில் உணர்ச்சி மீள்வதில்லை. அவர்களுக்கு வரும் ஆறாப் புண்ணைத் தொழுநோய்ப் புண் என்று ஊரார் சொல்வர். அது சரியன்று. 1940களின் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சையைத் தொடங்கிய மருத்துவர் பால் பிராண்ட் இதனைத் தெளிவாக்கினார். விரல்கள் கிருமியால் உதிர்வதில்லை. வலி தெரியாததால் சூடும் கல்லும் முள்ளும் செய்யும் காயமே அவற்றை அழிக்கிறது.

காயத்தை ஆற்றும் வேலையை நியூட்ரோபில்களும் விழுங்கணுக்களும் இப்பாதத்திலும் ஒழுங்காகவே செய்கின்றன. ஆனால் வலி தெரியாதவர் அதே புண்ணின்மேல் தொடர்ந்து நடக்கும்போது, ஒவ்வொரு அடியும் புதிதாக உருவான தசையை நசுக்குகிறது. ஆகவே இங்கே ஓய்வுதான் முதல் மருந்து.

அடி அண்ணாமலை வழியாகச் செல்லும் கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். வெறுங்காலுடன் சுற்றுவதே மரபு. உணர்ச்சியற்ற பாதம் உடையோர் அதைச் செய்யலாகாது. புண் இருந்தால் அந்த மாதம் நடக்கவே வேண்டாம். புண் இல்லாவிடினும், மருத்துவமனையில் தரும் மென்மையான ரப்பர் செருப்பை அணிந்து, வெயில் தாழ்ந்தபின், இடையிடையே அமர்ந்து பாதத்தைப் பார்த்துக்கொண்டு, முடிந்த தொலைவு மட்டும் செல்லுங்கள். செருப்பைக் கோயில் வாசலில் கழற்றினால் போதும். அன்றாடம் மாலையில் பாதத்தை நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, எண்ணெய் தடவி, சிவப்போ கொப்புளமோ உண்டா என்று வீட்டார் ஒருவர் பார்த்துவிட வேண்டும்.

நினைவிற்கொள்ள

தொழுநோய்க் கிருமியை மருந்து கொல்லும். கைகால்களைக் காப்பது காலத்தே செய்யும் சிகிச்சை.

மருந்து உண்ணும்போதும், உண்டு முடித்த பின்னும், தேமல் சிவந்து வீங்கினாலும், வலிக்கும் முடிச்சுகள் வந்தாலும், கை கால் மரத்தாலும் தளர்ந்தாலும், கண் சிவந்தாலும் மூட முடியாவிட்டாலும், அது உங்கள் வெள்ளணுக்களின் மிகைச் செயலாக இருக்கலாம். மாத்திரையை நிறுத்தாமல் உடனே வாருங்கள்.

அரிப்புத் தடிப்புடன் கண் மஞ்சளானால் அடுத்த மாத்திரைக்கு முன் வாருங்கள்.

சிகிச்சை முடிந்தபின்னும் சில ஆண்டுகள் மாதம் ஒருமுறையேனும் கை, கால், கண் மூன்றையும் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். மூடிய கண்ணுடன் இருப்பவரின் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பேனா முனையால் மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். சென்ற மாதம் காட்டிய இடத்தை இம்மாதம் காட்ட முடியவில்லை என்றால், மறுநாள் காலையே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.